கோச்சி போனால் அணையும் லப்டொப்

தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைப்பவனிடம் பழுதான சாமானைக் கொடுக்கக் கூடாது. அவன் பழுதைத் தேட மாட்டான். தன் கெட்டித்தனத்துக்குத் தோதான பழுதாக ஒன்றைக் கண்டுபிடிப்பான். இருபத்துமூன்று வயதில் நான் அப்படியொரு கெட்டிக்காரனாக வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத் தொடர்மாடியொன்றில் அப்பா அம்மாவோடு இருந்தேன்.

நவராத்திரி முடிந்த கையோடு என் லப்டொப் நினைத்த நேரத்தில் அணையத் தொடங்கியது. அடுத்த வாரம் அதில்தான் எனக்கு நேர்முகப் பரீட்சை. வேலை என்ன தெரியுமா? மற்றவர்களின் கணினிப் பழுதுகளைத் தொலைபேசியில் தீர்த்துவைப்பது. (சிரிக்காதீர்கள், இனித்தான் இருக்கிறது.) ஏற்கெனவே இரண்டு இடத்தில் தோற்றிருந்தேன். இதுவும் போனால் கொட்டாஞ்சேனையில் மாமாவின் இரும்புக்கடையில் ஆணி நிறுப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மாமா எனக்கென்று ஒரு ஸ்டூல்கூட வாங்கிப் போட்டுவிட்டார்.

சார்ஜரை மாற்றினேன். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றினேன். அணைந்தது. மூன்றாம் நாள்தான் எனக்கு ‘உண்மை’ வெளித்தது: கீழே கோச்சி, அதுதான் ரயில், போகும்போதெல்லாம் அணைகிறது! கட்டடம் அதிர, உள்ளே ஏதோ வயர் ஆடுகிறது. நேரம் குறித்து ஓர் அட்டவணையே போட்டேன். ரயில் வராத நேரத்தில் அணைந்தால், ‘ரயில் தாமதம்’ என்று எழுதிக்கொண்டேன்.

பரீட்சை அன்று, அதிர்வைத் தாங்கட்டும் என்று மேசையில் ஒரு தலையணை, அதன் மேல் மடித்த போர்வை, அதன் மேல் லப்டொப். ரயில் தெரிந்தால் கை காட்டச் சொல்லி அப்பாவைப் பால்கனியில் நிறுத்தினேன். பாவம், மனுஷன் கலியாண வீட்டுக்குப் போகும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

முதல் கேள்விக்கு நன்றாகவே பதில் சொன்னேன். இரண்டாவதுக்கு வாயைத் திறந்தேன், திரை கறுத்தது. அப்பாவைப் பார்த்தேன். தண்டவாளம் வெறுமையாகக் கிடக்கிறது என்று கையை விரித்தார். மறுபடி போட்டேன், ஒரு நிமிடம் ஓடி அணைந்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. போனை எடுத்து அதில் இணைந்தேன்.

அதுவரை ஆங்கிலத்தில் கேள்வி கேட்ட மெடம் தமிழுக்கு மாறி, என்ன பிரச்சினை என்றார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நானோ ரயிலில் தொடங்கி அட்டவணை வரை விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“அடியைத் தொட்டுப் பாத்தீங்களா? ஒருக்காப் பிரட்டிக் காட்டுங்க.”

பிரட்டினேன். அடுப்புச் சட்டி மாதிரிச் சுட்டது. காற்றுப் போகும் துவாரங்கள் முழுக்கச் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. நடுவில் வட்டமாகக் குங்குமப் பொட்டு. போன் கமராவில் அவ்வளவும் துலக்கமாகத் தெரிந்தது.

குசினி வாசலில் நின்ற அம்மா ஒளிவுமறைவில்லாமல், மெடத்துக்கும் கேட்கும்படி சொன்னார்: “சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோட வைச்சனான். மேல பூசினா நீ ஏசுவாய் எண்டுதான் அடியில பூசினனான்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு கிழமையாக ரயில்வேத் திணைக்களத்தைத் திட்டியவன், கையிலிருந்த சாமானை ஒருமுறை பிரட்டிப் பார்க்கவில்லை.

“இப்ப ஒரு கஸ்டமர் இதையே சொல்லி எடுத்தா என்ன செய்வீங்க?”

“முதல்ல பிரட்டிப் பாக்கச் சொல்லுவன் மெடம். நான் பாக்கேல்ல.”

அப்போ மிச்சத்தையும் இப்போதே செய்யுங்கள் என்றார். அவர் பார்த்திருக்க, பழைய பல் பிரஷால் ஒவ்வொரு துவாரமாகச் சுரண்டினேன். தலையணையைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் மேசையில் வைத்து லப்டொப்பை மறுபடி போட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மிச்சக் கேள்விகளுக்குப் பதில் சொன்னேன், அணையவில்லை. நடுவில் ரயிலொன்று கடகடவென்று வந்தது. விஷயம் தெரியாத அப்பா இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு கமராவுக்குள்ளேயே ஓடி வந்தார்.

வேலை கிடைத்தது. இப்போது ஒவ்வொரு நவராத்திரிக்கும் எங்கள் அலுவலகத்திலிருந்து வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஓர் அறிவித்தல் போகிறது: ‘மடிக்கணினிக்குச் சந்தனம், குங்குமம் வைப்போர் மேல்மூடியில் மட்டும் வைக்கவும்.’ எழுதச் சொன்னது மெடம், எழுதுவது நான். அம்மா அதைப் போனில் வைத்துக்கொண்டு தொடர்மாடி முழுக்கக் காட்டுவார். காட்டிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்து, வருஷம் தவறாமல் ஒரே குறையைச் சொல்வார்.

“பூசினது நான். ஒரு மூலையில கூட என்ர பேரைப் போடேல்ல.”