உயிரோடு இருந்த அப்பாவுக்கு நினைவு நாள்

எங்கள் நாமக்கல் பக்கத்தில் முதியோர் இல்லத்துக்குள் தலைநிமிர்ந்து நுழைய ஒரே ஒரு வழிதான் உண்டு. சோறு போடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். பிள்ளைக்குப் பிறந்த நாள், தாத்தாவுக்குத் திதி, புது லாரி எடுத்த சந்தோஷம், எதற்கு வேண்டுமானாலும் அங்கே ஒரு வேளைச் சாப்பாடு போடலாம். ஊரே பாராட்டும். அதே இல்லத்துக்கு, அப்பாவைச் சேர்க்க இடம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கல்யாணப் பந்தியில் உங்களுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருக்கும்.

(நான் சொல்லிப் பார்க்கவில்லை. அந்த அளவுக்குத் தைரியம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.)

எனக்கு நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை. அப்பா மல்லசமுத்திரத்துக்காரர். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஆந்திரா, ராஜஸ்தான் என்று அலைந்து, பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுத்தவர். அப்படிப்பட்டவருக்குக் கடைசியில் சொந்த வீட்டில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்பது மறந்து போனது. பிறகு என் பெயர் மறந்தது. பிறகு நானே மறந்து போனேன். மறதி நோய் என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்டதையும் அப்பா மறந்துவிட்டு மறுபடி கேட்பார்.

இதையெல்லாம் சமாளித்தது நானல்ல, என் மனைவி சுமதி. நான் காலையில் கடைக்குப் போய்விடுவேன். ஒருநாள் சாயங்காலம் அப்பா பைபாஸ் ரோட்டுக்குக் கிளம்பியிருக்கிறார். வண்டி நிற்கிறதாம், போக வேண்டுமாம். சுமதி கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறாள். யாரோ திருடி என்று நினைத்து அப்பா அவள் கையை முறுக்கியதில் மணிக்கட்டு எலும்பு உடைந்துவிட்டது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் அவள் எல்லோரிடமும் சொன்னாள். மாவுக்கட்டைப் பிரித்த அன்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

"மாமா மேல எனக்குக் கோவமில்லீங்க. என்னால முடியல. அவ்வளவுதான்."

 எனக்குப் பயம் வந்தது. அவளைக் காப்பாற்றவா, அப்பாவைக் காப்பாற்றவா என்று யோசித்து, என் மானத்தை முதலில் காப்பாற்றிக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். சொந்தக்காரர் கண்ணில் படாத இடமாகத் தேடினேன். சேலத்தைத் தாண்டி, ஏற்காட்டு மலையடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் ஓர் இல்லம் அகப்பட்டது. அந்தப் பக்கம் நாங்கள் பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை. மறதிக்காரர்களுக்குத் தனிக் கூடம் இருக்கிறது என்றார்கள். போன் போட்டேன். மேனேஜர் அம்மா எடுத்தார்.

"வணக்கமுங்க. சாப்பாடுங்களா, அட்மிஷனுங்களா?"

அட்மிஷன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சாப்பாடுங்க" என்று வந்தது.

"பொறந்த நாளுங்களா, நினைவு நாளுங்களா?"

பிறந்த நாள் என்றால் கேக் வெட்டி வாயில் ஊட்டிவிடுவார்களோ என்று பயம். "நினைவு நாளுங்க."

"யாருக்குங்க?"

"அப்பாவுக்கு."

அம்மா இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அம்மாவுக்கு என்று சொல்லியிருக்கலாம். புத்தியுள்ள எவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான். ஆனால் பல மாதங்களாக என் தலைக்குள் அப்பா ஒருவர்தான் குடியிருந்தார், கேட்டதும் அவரே வெளியே வந்துவிட்டார்.

"அடடா. அப்பா போட்டோ ஒண்ணும், பேரும் ஊரும் வாட்ஸப்புல அனுப்பி விடுங்க. ஞாயித்துக்கெழமை மத்தியானம் வெச்சுக்கலாம்."

போட்டோ ரசீதில் ஒட்டுவதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். (ரசீதில் போட்டோ ஒட்டும் ஊர் எது என்று சுமதி இன்றுவரை கேட்கிறாள்.) தங்கச்சி மகள் கல்யாணத்தில் வெள்ளைச் சட்டையில் எடுத்த படத்தை அனுப்பிவைத்தேன். சாப்பாடு போடும் சாக்கில் இல்லத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒத்து வந்தால் பிறகு மெதுவாக விஷயத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். சுமதியிடம் சாப்பாட்டு விஷயத்தை மட்டும் சொன்னேன். எதற்கான சாப்பாடு என்பதைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை மாடியில் குடியிருக்கும் சாந்தியக்காவிடம் விட்டுவிட்டு இருவரும் காரில் போனோம். இல்லத்துக்குள் நுழைந்ததும் எதிரே அப்பா. படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, ரோஜா மாலை சாத்தி, முன்னால் விளக்கும் ஏற்றியிருந்தார்கள். சுமதி படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் என்னை அதைவிட மோசமாகத் திட்டியது கிடையாது.

"போனை சைலன்ட்ல போட்டுருங்க சார், பிரார்த்தனை இருக்கு" என்றார் மேனேஜர் அம்மா. போட்டேன். சுமதி போனைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து, என் அப்பாவின் ஆன்மா சாந்தியடைய வேண்டும் என்று கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"எப்படிப் போனாரு?"

"தூக்கத்துலங்க."

"குடுத்து வெச்சவரு."

என் அப்பாவுக்கு அவ்வளவு நல்ல சாவாகப் பார்த்துக் கொடுத்தோமே என்று எனக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. பிறகு என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

இல்லத்தைப் பார்வையிட வந்த நான், கையில் சாம்பார் வாளியோடு பந்தியை விட்டு நகர முடியாமல் மாட்டிக்கொண்டேன். புண்ணியம் முழுவதும் சேர வேண்டுமென்றால் மகன் கையால்தான் ஊற்ற வேண்டுமாம். ஒரு பெரியவர் ஒவ்வொரு கரண்டிக்கும் "ஈரோட்டு பஸ் வந்துருச்சா?" என்று கேட்டார். இன்னொருவர் சாப்பிடாமல் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில் தெரிந்தது. அதில் ஒருவருடைய கையை மெல்லிய துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நான் வாளியோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

மேனேஜர் அம்மா பார்த்துவிட்டார். "கட்ட மாட்டோமுன்னு பொய் சொல்ல மாட்டேனுங்க சார். நேத்துலேர்ந்து மூக்குக் குழாயப் புடுங்கிப் புடுங்கிப் போடறாரு. ஊசி போட்டுத் தூங்க வெச்சா எங்களுக்கு வேலை மிச்சம். எனக்கு அது புடிக்காது."

போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மாலை போட்ட அப்பாவின் பக்கத்தில், கரண்டியும் கையுமாக நான். கூச்சத்தில் சிரித்து வைத்திருக்கிறேன். அந்த அளவுக்குச் சந்தோஷமாக எந்த மகனும் அப்பாவுக்கு நினைவு நாள் கொண்டாடியிருக்க மாட்டான்.

 திரும்பும்போது, ராசிபுரம் தாண்டியதும், நான் கேட்காமலே சுமதி சொன்னாள்.

"பாத்ரூம் தரை ஈரமில்ல. அல்லாருக்கும் நகம் வெட்டியிருக்காங்க. சமையல்கார அம்மா அவியவிய பேரச் சொல்லித்தான் கூப்புடுது." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கட்டு மட்டும்..." என்றாள்.  நான் ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன்.

எங்கள் தெருமுனையில் வேன் நின்றது. தெருவுக்குள் பந்தல்காரர்கள் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாரோ போயிட்டாங்க போல. ஊட்டுக்குப் போயிட்டு ஒரு எட்டு வந்து கேட்டுக்கலாம்" என்றேன் சுமதியிடம்.

கம்பம் நட்டது எங்கள் வாசலில்.

அப்பா உண்மையிலேயே போய்விட்டார் என்று நினைத்தேன். என் வாய் வைத்து அவரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.  அப்புறம் பந்தலுக்குள் நடுநாயகமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவரைச் சுற்றி என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, தலைமையில் மல்லசமுத்திரமே அழுதுகொண்டிருந்தது.

நடந்ததைப் பிறகு ஒவ்வொருவராகச் சொல்லிச் சேர்த்துக்கொண்டேன். இல்லத்துக்காரர்கள் படத்தை முகநூலில் போட்டிருக்கிறார்கள். அங்கே முன்பு பேத்தி பிறந்த நாளுக்குச் சோறு போட்ட எங்கள் பங்காளி ஒருவர் பார்த்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார். எங்கள் குழுவில் எழுத்தை யாரும் படிப்பதில்லை, மாலையைப் பார்த்ததும் கை கூப்பிவிடுவார்கள். "எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டு எனக்கு அடுத்தடுத்து போன். சைலன்டில் கிடந்த போனை யார் எடுப்பது? வேன் பிடித்து மாலையோடு வந்து இறங்கினால், வாசலில் அப்பா முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறார். அந்த நேரத்தில், அவருக்குக் காப்பி போடப் போயிருந்த சாந்தியக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார். கீழே வேன், மாலை, அழுத முகங்கள். காரில் போன நாங்கள் திரும்பவில்லை. அக்கா "ஐயோ தம்பி!" என்று மாரில் அடித்துக்கொண்டாராம். போதாதா? போனது அப்பா இல்லை, மகன்தான், படம்தான் மாறிவிட்டது என்று அத்தை அந்த இடத்திலேயே முடிவு செய்து, பந்தலுக்கும் ஆள் சொல்லிவிட்டு, அண்ணனுக்காகக் கொண்டுவந்த அழுகையை எனக்குத் திருப்பிவிட்டார்.

காரிலிருந்து நான் இறங்கியதும் முதலில் அலறல். அப்புறம் அத்தை என்னைக் கட்டிப்பிடித்தார். அப்புறம் விஷயம் வெளியே வந்து, கட்டிப்பிடித்த கையாலேயே ஓர் அறை விட்டார்.

"உசுரோட இருக்கறவனுக்குச் சோறு போட்டுட்டு வந்தியாடா? எங்கண்ணன அநாதையாட்டம் கொண்டுபோய்த் தள்ளறதுக்கு எடம் பாத்துட்டு வந்தியா?"

எந்த இரண்டு விஷயத்தை மறைக்கத்தான் இவ்வளவும் செய்தேனோ, அந்த இரண்டும் மைக் வைக்காத குறையாக ஊருக்குத் தெரிந்தது. நான் தலைகுனிந்து அப்பா முன்னால் போய் நின்றேன். நான் சாகவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அப்பாவைத் தவிர. அவருக்கு மகன் செத்தது செத்ததுதான்.

"வாங்க, உக்காருங்க" என்றார். "எம்பையனுக்கு வேண்டியவங்களா?"

"ஆமாங்க" என்றேன். 

"நல்ல பையனுங்க. என்னை ஒரு கொறை இல்லாம பாத்துக்கிட்டான்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா சுமதியைக் கையசைத்துக் கூப்பிட்டார். மகனை மறந்தவருக்கு மருமகள் மட்டும் அந்த நேரம் எப்படியோ ஞாபகம் இருந்தாள். முன்பு உடைத்த அதே மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக்கொண்டார்.

"அழுவாத சாமி. அவன் போனாப் போறான். நானிருக்கறேன். உன்னைய நான் பாத்துக்கறேன்."

கை உடைந்தபோது அழாத சுமதி அன்றைக்கு அழுதாள். வந்திருந்தவர்கள் அதை வைத்து அவளைப் பதிவிரதை என்றார்கள். நான் பந்தல்காரரை அனுப்பிவைக்கப் போனேன்.

"என்ற அண்ணன நான் பாத்துக்கறேன்" என்று அத்தை அன்றே அப்பாவை மல்லசமுத்திரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வாரக் கடைசியிலேயே திரும்பக் கொண்டுவந்துவிட்டார். அத்தையின் நெற்றியில் பிளாஸ்திரி. யார் மேலும் குறை சொல்லவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "அந்தச் சேலத்து எடம் சுத்தமா இருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

மறுபடி மேனேஜர் அம்மாவுக்குப் போன் போட்டேன். இந்த முறை அட்மிஷன் என்று தெளிவாகச் சொன்னேன்.

"யாருக்குங்க சார்?"

"அப்பாவுக்கு."

 "சார், உங்களுக்கு எத்தனை அப்பாங்க?"

சேர்த்துவிட்டோம். அன்று முன்வரிசையில் கும்பிட்ட அம்மாள் அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீதான் தூக்கத்துல போனவனா? பாயசம் நல்லாருந்துச்சு" என்றார். அப்பா அதைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்.

ஞாயிறுதோறும் போகிறேன். அங்கே நான் இன்னமும் செத்துப்போன மகனுடைய சிநேகிதன். நான் எப்படிச் செத்தேன் என்று அப்பா சொல்வது மட்டும் வாராவாரம் மாறும். ஒரு வாரம் ரிக் வண்டி கவிழ்ந்து, ஒரு வாரம் பாம்பு கடித்து, ஒரு தடவை கரண்டு அடித்து. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே என் மகள் கேட்பாள்: "இந்த வாரம் எதுலப்பா?" சொல்வேன். எல்லோரும் சிரிப்போம். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களிலும் இதைக் கேட்காமல் யாரும் எனக்கு இலை போடுவதில்லை. அத்தைதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பார்.

கிளம்பும்போது நடப்பதை மட்டும் வீட்டில் சொல்வதில்லை. ஒவ்வொரு வாரமும் கம்பிக் கதவு வரைக்கும் அப்பா கூடவே வருவார். என் கையைப் பிடித்துக்கொண்டு விசாரிப்பார்.

"உங்களுக்கு அப்பா இருக்காருங்களா?"

"இருக்காருங்க."

"ஊட்டுலயே வெச்சுப் பாத்துக்கங்க. இந்த மாதிரி எடத்துல கொண்டாந்து உட்ராதீங்க."

"சரிங்க" என்பேன். காவலாளி வந்து கதவைத் திறந்துவிடுவார்.