பேராசிரியரின் கேக்கும் கழன்றுபோன பாஸ்பேட்டும்

மாபெரும் கண்டுபிடிப்புகள் சோதனைக்கூடங்களில் பிறக்கின்றன என்பது வதந்தி. மாரிபோர் நகரில் எங்கள் ஆய்வகத்தின் மகத்தான கண்டுபிடிப்பு சிற்றுண்டி அறையில் பிறந்தது. அதை உலகுக்கு அளித்த பேராசிரியர் ப்ரெஸ்க்வாரிடம் சோதனைக்கு உயிர்செல்களை வளர்க்கும் வேலை பார்ப்பவள் என்ற முறையில், வரலாற்றைப் பதிவு செய்வது என் கடமை.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள்தான் எங்கள் பிழைப்பு. சர்க்கரை வந்ததும் செல்லுக்குள் சில புரதங்களின்மேல் பாஸ்பேட் என்ற சின்ன ஒட்டு விழும். விழுந்தால்தான் இன்சுலின் ஒழுங்காக வெளியேறும் என்பது ஆய்வு மாணவி ஷ்பெலாவின் கட்சி. நிரூபித்தால் முனைவர் பட்டம். ஒரே நிபந்தனை: சர்க்கரை கொடுத்த செல்லை உடைத்ததும் ஐஸில் வைத்துவிட வேண்டும். தாமதித்தால் செல்லின் சொந்த நொதிகளே ஒட்டைக் கழற்றிவிடும்.

அன்று அவள் செல்லை உடைத்தபோது மணி பத்தரை. எங்கள் ஊரில் பத்தரை என்பது நேரமல்ல, மாலிட்சா. போரே நடந்தாலும் அந்தச் சிற்றுண்டிக்கு எழுந்தாக வேண்டும். போதாக்குறைக்குப் பேராசிரியரின் பிறந்தநாள்; வழக்கப்படி அவரே வால்நட் சுருள் கேக்கோடு வந்து நின்றார்.

"ரெண்டே நிமிஷம், ப்ரொஃபசர். இத ஐஸ்ல வெச்சுட்டு வந்துடறேன்."

"எம் பிறந்தநாள விட ஐஸ் பெருசா? வாம்மா!"

"பாஸ்பேட் கழண்டு போயிடும்."

"எங்க போகும்? பஸ் பிடிச்சு வீட்டுக்கா? ஃபோட்டோவுக்கு எல்லாரும் வேணும். வெப்சைட்ல 'எங்கள் ஒற்றுமை'ன்னு போடணும்."

படத்தில் எல்லோரும் சிரிக்கிறோம். ஷ்பெலா மட்டும் கதவைப் பார்க்கிறாள்.

மறுநாள் சோதனை ஃபிலிமில், பாஸ்பேட் ஒட்டியிருந்தால் கறுப்புக் கோடு விழவேண்டிய இடம் காலி. சாதாரண மனிதர் இதைத் 'தவறு' என்றிருப்பார். ப்ரெஸ்க்வார் சாதாரண மனிதரல்ல.

"பாருங்க, ஒண்ணுமே இல்ல! பாஸ்பேட்டுக்கு இதுல வேலையே இல்ல!"

'சர்க்கரை வந்தாலும் பாஸ்பேட் ஒட்டுவதில்லை; இன்சுலின் சுரப்பில் அதற்குப் பங்கில்லை' என்ற அவரது கட்டுரை அச்சேறியது. இயக்குநர் பூங்கொத்து கொடுத்தார்.

ஷ்பெலா மாலிட்சா நேரத்தில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஐஸ் வைத்து, சோதனையை மறுபடி செய்தாள். தடித்த கறுப்புக் கோடு விழுந்தது. பேராசிரியர் அதை வெளிச்சத்தில் பிடித்து ரசித்தார்.

"அம்சமா வந்திருக்கு. ஆனா தப்பு."

"எப்படித் தப்பு?"

"என் கட்டுரைதான் அச்சாயிடுச்சே!"

பேராசிரியர் தலைமையில் கூடிய குழு, அவளுடைய ஆய்வேட்டை 'நிலைநாட்டப்பட்ட உண்மைக்கு முரணானது' என்று 'ஆழ்ந்த வருத்தத்துடன்' நிராகரித்தது. வருத்தத்தை ஆற்ற மறுபடி கேக் வந்தது. பேராசிரியர் மூன்றாவது துண்டில் இருந்தார்.

ஷ்பெலா தன் தட்டைத் தொடவில்லை. "பாத்துச் சாப்பிடுங்க, ப்ரொஃபசர். உங்க கட்டுரை மட்டும் நிஜம்னா, உங்க கணையத்துலயும் பாஸ்பேட் ஒட்டாது, இன்சுலின் வராது; மூணாவது துண்டு உங்களுக்கு ஆகாது."

குழு விழுந்து விழுந்து சிரித்தது. அவள் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு போனாள், திரும்பவில்லை.

கட்டுரை இன்றும் அசையாமல் நிற்கிறது. நான்காவது துண்டையும் முடித்த பேராசிரியரும் சர்க்கரை ஏறாமல் கல்லுக்குண்டு போல நிற்கிறார். இரண்டில் ஒன்றுதான் நிஜமாக இருக்க முடியும். பேராசிரியர் நிஜம். அவர் தின்ற தட்டை நான்தான் கழுவினேன்.