ஆறு பேர், நானூற்றெட்டு கிலோ, ஒரு டிராகன்

"டிராகன் எங்க மாமா?" என்று கேட்டான் மைத்துனன்.

லிஃப்ட் மெக்கானிக் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "இதுல டிராகன் கிடையாது மச்சான். இது லிஃப்ட்."

"அதான் கேக்கறேன். லிஃப்டுக்குள்ள டிராகன் எங்க?"

சாப்பாட்டு மேசையைச் சுற்றி மெக்கானிக், மனைவி, மாமியார், மைத்துனன் என்று நாலு பேர். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடையை உருட்டி, வாயாலேயே கதையை நடத்திக்கொண்டு போகிற விளையாட்டு அது. அந்த வகை விளையாட்டு என்றாலே வாள், குகை, டிராகன் என்று உலகம் பழகிவிட்டது. மெக்கானிக் மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு வேறு ஒன்று செய்திருந்தார். முன்பின் தெரியாத ஆறு பேர், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். இதுவரை யாரிடமும் சொல்லாத சொந்த உண்மை ஒன்றைச் சொன்னால் பகடை உருட்டலாம், லிஃப்ட் நகரும். பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடித்தால் விளக்கு அணையும். அவ்வளவுதான் விளையாட்டு. இருபது வருஷமாக லிஃப்டில் மாட்டியவர்களை வெளியே எடுத்துவிடுகிறவர் அவர். உள்ளே இருந்துகொண்டு மனிதர்கள் என்னென்ன பேசுவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு விளையாட்டுக் கம்பெனி அதைப் பார்க்கப் போகிறது. வருஷத்துக்கு ஒரே ஒரு புது விளையாட்டுதான் அவர்கள் போடுவார்கள். முதலாளி போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "எல்லாருக்கும் பிடிக்கணும்." அன்றிலிருந்து மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மைத்துனனுக்கு டிராகன் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் விளையாட்டுச் சூட்டில் அவன் உளறியிருந்தான்: "போன வருஷம் அக்கா காரை இடிச்சு நெளிச்சது பக்கத்து வீட்டுக்காரர் இல்ல, நான்தான்." லிஃப்ட் இரண்டு மாடி ஏறியது. அக்காவின் குரல் அதற்கும் மேலே ஏறியது. அந்தக் குடும்பம் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது.

"உண்மையெல்லாம் எவனுக்கு மாமா பிடிக்கும்?" என்றான், வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட மைத்துனன். "நான் செல்போன் விக்கிறவன். ஜனங்க என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும். ஒரே ஒரு டிராகன் போடுங்க. ஒண்ணே ஒண்ணு."

ஒன்றுதானே என்று மெக்கானிக் போட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

லிஃப்டின் கொள்ளளவு ஆறு பேர், நானூற்றெட்டு கிலோ. டிராகனின் எடையை மனதுக்குள் போட்டுப் பார்த்தார். கயிறு தாங்காது என்று தெரிந்தும் ஒரு ஜீவனை ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை.

"இது உள்ள வந்தா ஓவர்லோடு மணி அடிக்கும் மச்சான். கதவே மூடாது."

"அப்ப லிஃப்டைத் தூக்கிட்டுக் குகையைப் போடுங்க."

லிஃப்ட் போய்க் குகை வந்தது. குகைக்குள் ஆறு பேர் எதற்குப் போகிறார்கள் என்ற கேள்வி வந்ததும் ஓர் இளவரசி வந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் இளவரசி வேஷத்தை மாமியார் எடுத்துக்கொண்டார்.

"நான் ஏன் வெளிய வரணும்?" என்றார் மாமியார்.

"டிராகன் உங்களைப் பிடிச்சு வச்சிருக்கு அத்தை."

"வச்சிருந்தா என்ன மாப்பிள்ளை? அது பாட்டுக்கு ஒரு மூலைல படுத்திருக்கு. டிவி சத்தம் இல்ல, சமையல் இல்ல. நான் இங்கயே இருந்துக்கறேன்."

வேறு வழியில்லாமல் டிராகனைக் கெட்டதாக்க வேண்டியிருந்தது. அது ஊரைக் கொளுத்தியது. கொளுத்தியதை வெட்ட வாள் வந்தது. வாளைப் பிடிக்க இளவரசன் வந்தான். எல்லாரும் நான்தான் இளவரசன் என்று அடம்பிடித்தால் என்ன செய்வது என்று மெக்கானிக் கேட்டார். ஆறு பேரையும் இளவரசன் ஆக்கிவிடுங்கள், தொல்லை விட்டது என்றான் மைத்துனன்.

"ஆறு இளவரசன், ஒரு இளவரசி," என்றார் மாமியார். "அதுக்கு அந்த டிராகனே தேவலை."

மெக்கானிக்குச் சொந்தமாக மிஞ்சியிருந்தது அந்த உண்மை விதி ஒன்றுதான். மைத்துனன் அதிலும் கை வைத்தான். "வெட்டினா ஒரு பாயின்ட் மாமா, எல்லாருக்கும் புரியும். உண்மை சொன்னா என்ன கிடைக்கும்? எனக்குக் கிடைச்சுதே, அதுதான் கிடைக்கும்."

அதுவும் போனது. கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது. அட்டைப் பக்கத்துக்கு மெக்கானிக் தன் கையாலேயே டிராகன் படம் வரைந்தார். முகம் என்னவோ மைத்துனன் சாயலில் வந்துவிட்டது.

அச்சடிக்கும் வேலை மனைவியுடையது. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற தாளைக் குப்பையில் போட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. லிஃப்ட் கதை இருந்த பத்துத் தாளையும் அப்படியே கவிழ்த்து வைத்து, பின்பக்கத்தில் அட்டைப் படத்தோடு டிராகன் கதையை அச்சடித்தார். மை தீர்ந்துபோய் இளவரசி கொஞ்சம் வெளுத்திருந்தாள்.

"பழசு மேல குறுக்க ஒரு கோடு போட்டுடுங்க," என்று பேனாவை நீட்டினார்.

மெக்கானிக் பேனாவை வாங்கினார். மூன்று வருஷ வேலை. முதல் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், பேனாவை மூடி வைத்துவிட்டு, "போட்டாச்சு," என்றார்.

சனிக்கிழமை கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்தார். "ஏங்க, நானும் அந்த லிஃப்ட்ல ஒண்ணு சொல்லலாம்னு வச்சிருந்தேன். என் முறை வரதுக்குள்ள டிராகன் வந்துடுச்சு."

"என்னது அது?"

"இனிமே எதுக்கு, விடுங்க."

கம்பெனி இருந்தது நாலாவது மாடியில். லிஃப்ட் பழுது என்று பலகை தொங்கியது. மனைவி என்ன சொல்ல வந்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டே மெக்கானிக் படியேறினார்.

வரவேற்பு மேசையில் இருந்த அம்மாள் உறையை வாங்கிக்கொண்டார். முதலாளி வெளியே வந்து கைகொடுத்துவிட்டு, "நீங்க இங்கயே இருங்க," என்றார். "எழுதினவர் பக்கத்துல இருந்தா விளக்கம் சொல்லிக்கிட்டே இருப்பார். கடையில வாங்கறவன் வீட்டுக்கு உங்களையும் சேர்த்து அனுப்ப முடியுமா?"

ஆறு பேர் வேண்டும் என்பதால் படம் வரைபவர், கணக்காளர், இன்னும் இரண்டு பேர், கடைசியில் வரவேற்பு அம்மாள் வரைக்கும் உள்ளே போனார்கள். கதவு மூடியது.

பத்து நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு ஒரு நாற்காலி விழுந்தது. பிறகு உள்ளே ஒரே கூச்சல். யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மெக்கானிக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"மச்சான், உள்ள அமர்க்களம் பண்றாங்க."

"நான் சொல்லல? டிராகன் மாமா, டிராகன்."

போனை வைத்ததும் சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு கேள்வி முளைத்தது. இவர்களுக்கு இதுதான் பிடிக்கிறது என்றால், அந்த மூன்று வருஷமும் வீண்தானா?

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. முதலாளியின் கண் சிவந்திருந்தது. கணக்காளரின் தோளில் கை போட்டிருந்தார்.

"பதினாறு வருஷமா ஒரே ரூம்ல இருக்கோம் சார். இன்னிக்குத்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். இந்த மாதிரி ஒண்ணு என் சர்வீஸ்ல வந்ததில்ல. இந்த வருஷம் இதுதான். அடுத்த வாரம் கையெழுத்துப் போடலாம்."

மெக்கானிக்கின் கால் தரையில் பாவவில்லை. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்ததோ வேறு.

"இதைப் போடாதீங்க சார்."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"இதுல என்னோடது ஒண்ணுமே இல்ல. டிராகன், வாள், எல்லாம் என் மச்சான் சொன்னது. என்னோடதுன்னு ஒண்ணு இருந்துச்சு. உங்களுக்குப் பிடிக்காதோன்னு பயந்து நானே அதை அழிச்சிட்டேன். இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. அது இல்லாம என் பேர்ல இது வர வேண்டாம் சார், நான் போறேன்."

சொல்லி முடித்ததும் பாரம் இறங்கியது போல இருந்தது. தாள்களைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார்.

முதலாளி ஒன்றும் புரியாமல் வரவேற்பு அம்மாளைத் திரும்பிப் பார்த்தார். "டிராகனா? நம்ம விளையாடினதுல ஏதும்மா டிராகன்?"

அந்த அம்மாள் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஐயோ, அது பின்பக்கம் இருந்ததா சார்? வேண்டாத தாளாக்கும்னு நெனச்சு, யாரு லிஃப்டை எத்தனை மாடி ஏத்தினோம்னு நாங்க அது மேலதான் குறிச்சுக்கிட்டு இருந்தோம்."