நாட்டு நிலைமைக் கழிவு

நாடு முழுவதும் எல்லைக்காக அடித்துக்கொண்டு செத்த தொண்ணூறுகளில், ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் எல்லை வகுத்த பெருமை கண்டியில் எங்கள் "மனச்சோர்வு எல்லை நிர்ணயக் குழு"வையே சாரும். அதன் செயலாளர் என்ற முறையில் இதைத் தற்பெருமையின்றிச் சொல்கிறேன்.

கிளினிக்குக்கு வருபவர்களிடம் இருபது கேள்விகள் கேட்போம். நித்திரை வருகிறதா, பசிக்கிறதா, காரணமில்லாமல் அழுகிறீர்களா என்று. ஒரு கேள்விக்கு இரண்டு புள்ளி வரை. மொத்தம் பத்துப் புள்ளி எடுத்தால் நோயாளி; மருந்துக் குளிசை உண்டு. எடுக்காவிட்டால் சுகதேகி. முதல் கிழமை வந்தவர்கள் அத்தனை பேரும், பரீட்சையில் போல, சித்தி. துணைக்கு வந்தவர்களும் சித்தி. வாசலில் கடலை விற்றவருக்கு அதிவிசேட சித்தி.

"அலுமாரியிலை குளிசை முடியுது" என்றார் தலைவர் டாக்டர் ஸ்ரீஸ்கந்தராசா, மீன் அடைத்த மாலுபாணைக் கடித்தபடி.

எல்லையைப் பதினைந்துக்கு உயர்த்தினோம். சனமும் கூடவே உயர்ந்தது. இருபதாக்கினோம். அதையும் அநாயாசமாகத் தாண்டினார்கள். அப்போதுதான் டாக்டருக்கு ஞானம் பிறந்தது.

"புடவைக் கடையிலை கழிவு குடுக்கிறாங்கள் எல்லோ? நாங்களும் குடுப்பம். நாட்டு நிலைமையாலை வாற கவலை நோயில்லை. அதைக் கழிச்சுப்போட்டு மிச்சத்துக்குப் புள்ளி!"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இரண்டாவது மாலுபாணும் வந்தது.

மறுநாள் முதல் ஆளாக வந்தவள் கலகெதரப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பாலம்மா. அவளுடைய ஒரே மகன் சேதுராமனை இராணுவம் சுற்றிவளைப்பில் பிடித்துப் போய் மாதக்கணக்காகிறது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாது. நர்ஸ் டொரதி கேள்விகளைக் கேட்டு முடித்தபோது முப்பத்தொரு புள்ளி! கிளினிக் வரலாற்றில் சாதனை. டாக்டர் பேனாவை எடுத்தார்.

"தூக்கமே இல்லீங்க."

"இந்த நாட்டிலை ஆருக்கு நித்திரை? கழி."

"சோறு எறங்க மாட்டேங்குதுங்க."

"அரிசி விக்கிற விலைக்கு நல்லதுதானே. கழி."

"ஜீப்பு சத்தம் கேட்டா ஒடம்பெல்லாம் நடுங்குதுங்க."

"எனக்கும்தான். கழி."

"மகன நெனச்சு நெனச்சு அழுவுறேங்க."

"இவ காரணத்தோடை அழுகிறா. கேள்வியிலை 'காரணமில்லாமல்' எண்டெல்லோ கிடக்குது? கழி."

டொரதிக்குப் பொறுக்கவில்லை. "என்ன டாக்டர், மகனைக் காணாம தவிக்கிற மனுசிக்கும் கழிவா?"

"மகன் வந்தால் கவலை போயிடும், நர்ஸ். குளிசையாலை மகன் வருவானோ?"

இந்தத் தர்க்கத்துக்கு முன் யார் நிற்க முடியும்? மற்றக் கேள்விகளும் இப்படியே கழிய, மீதி பூச்சியம். "பூரண சுகம்" என்று நானே எழுதி முத்திரை குத்தினேன்.

"அப்ப தூங்குறதுக்கு ஒண்ணும் தர மாட்டீங்களா?"

"உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, அம்மா."

டாக்டர் ஊரில் வருத்தம் என்றால் நோய். அவளுக்கு வருத்தம் என்றால் வருத்தம்தான். "எனக்கா ஐயா? எனக்கா வருத்தம் இல்ல?" என்று எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள்.

எங்கள் குழுவில் ஊழல் என்று எவரும் விரல் நீட்ட முடியாது. அவளிடம் கழித்த முப்பத்தொரு புள்ளியில் ஒன்றைக்கூட நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. அத்தனையையும் அவளிடமே கொடுத்து, கலகெதர பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டோம்.