ஈரச் சுவரும் தும்பிக்கையாரும்

செஞ்சிக் கோட்டையைச் சுற்றி உலவிய பேய்கள் அனைத்தும் தும்பிக்கையாரைக் கண்ட அன்றே ஊரைக் காலி செய்துவிட்டன என்பது என் திடமான முடிவு. யுத்தத்திலிருந்து திரும்பியபோது பட்டாளத்து விஷவாயு முகமூடி ஒன்றைக் கொண்டுவந்தவர் அவர். வட்டக் கண்ணாடிக் கண்கள். மார்புவரை தொங்கும் ரப்பர்க் குழாய்; ஊர் வைத்த பெயர் அதனால்தான். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் அது முகத்தில் இருக்கும்.

அவர் திரும்பிய ஆண்டே ஏரி உடைந்து எங்கள் தெருவில் இடுப்பளவு நீர் நின்றது. நீர் வடிந்தது, ஈரம் வடியவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் கரிய பூசணம் விரல் விரலாக மேலேறியது. அந்தி சாய்ந்தால் அச்சுவருக்குள் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுவதாகப் பக்கத்து வீட்டார் பரப்பினார்கள். பட்டம் பெற்றவன் வீட்டில் பேய்!

உண்மையில் அது என் மனைவியின் இளைப்பு. ஏழு மாதக் கர்ப்பிணி. படுத்தால் மூச்சு முட்டியதால் சுவரில் சாய்ந்தே இரவுகளைக் கழித்தாள். என் மாமியாரோ, காற்று கருப்பு அண்டாதிருக்கச் சன்னல்களை அடைத்துச் சாம்பிராணி போட்டார்.

ஒரு மாலை, அப்புகைக்குள் இரு கண்ணாடிக் கண்கள் மிதந்து வந்தன. ‘உஸ்... உஸ்...’ என்றோர் ஓசை. மாமியார் தூபக்காலை வீசியெறிந்தார்.

“நான்தான் பெரியம்மா!” என்றது குழாய். வெள்ளம் புகுந்த வீடுகளுக்கெல்லாம் அழையாமலே நுழைந்து சுவரைத் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். “எதிரி சொவத்துல குந்தினு இருக்கறான். நீ சன்னலைப் பூட்டிப் பொகை வேற போடறியே! கூரை ஓட்டைப் பிரிச்சு வெயில் வுடணும், பூச்சைச் சொரண்டணும். தண்ணி தெளிச்சுத்தான் சொரண்டணும். தூசி கெளம்புனா நெஞ்சுல பூந்துடும்.”

“இன்னாய்யா பேசற? மாசமா இருக்கறவ வூட்ல ஆணிகூட அடிக்கக் கூடாது. புள்ளைக்கு ஆவாது!”

குழாய் சற்று யோசித்தது.

“அவ இருக்கற வூட்லதான கூடாது? என் வூடு மலையடி மேட்டுல காஞ்சு கெடக்குது. தங்கச்சி அங்க வரட்டும்.”

மனைவியைப் பிறர் வீட்டுக்கு அனுப்புவதா என்று என் கௌரவம் முரண்டு பிடித்தது.

“வண்டி... கட்டச் சொல்லுங்க,” என்றாள் அவள், இரண்டு மூச்சில்.

மாமியாரும் துணைக்குப் போனார்.

மறுநாள் விடியலில் நான் அங்கே சென்றேன். தும்பிக்கையார் தம் வீட்டுக்கு வெளியே, பனியில் கம்பளி போர்த்து உட்கார்ந்திருந்தார். எங்கள் சுவரைச் சுரண்டுவதற்கு வாளியும் பூச்சுக் கரண்டியும் பக்கத்தில் தயார். என்னைக் கண்டதும் விரலை உயர்த்தினார்.

“செருப்பைக் கழட்டிட்டு வாங்க சார். தங்கச்சி படுத்துத் தூங்குது.”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சலவை வேட்டியோடு அவர் அருகே பனி ஈரத் தரையில் அமர்ந்தேன்.