றிவோல்வர் விடயமாக மச்சானுக்கு

சென் ஜேம்ஸ் ரவுண், ரொறொன்ரோ
1994 வைகாசி

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கு,

இராசரத்தினம் எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் என்னுடைய இரண்டு முழங்கால்களும் ஒருவாறு நடமாடுகிறோம். நீங்களும் வெள்ளவத்தை வீட்டில் உள்ள எல்லோரும், முக்கியமாக உங்கள் தங்கையும் என் மனைவியுமான பாலேஸ்வரியும், குறையேதும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு விடயத்துக்கு வருகிறேன். விசா கைக்கு வந்த பிறகும் அவள் ரிக்கற் எடுக்க மறுக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "அங்கை துவக்கு இல்லை, பயமில்லையெண்டு அவர் சத்தியம் பண்ணட்டும், வாறன்" என்கிறாளாம். நான் உடனே சத்தியம் பண்ணி எழுதியிருக்க வேண்டும். எழுத முடியவில்லை. உங்கள் கடிதத்தைப் பிரித்த நேரத்தில் என் இடுப்பிலேயே ஒரு றிவோல்வர் இருந்தது.

பதறாதீர்கள், முதலில் இருந்து சொல்கிறேன். மாசி மாதம் எங்கள் கட்டடத்து லிப்ற்றுக்குள் இரண்டு பொடியன்கள் கத்தியைக் காட்டி என் குளிர் ஜக்கெற்றைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். போகும்போது 'சொறி' என்றும் சொன்னார்கள், இந்த நாட்டுப் பிள்ளைகளிடம் மரியாதைக்குக் குறைவில்லை. அன்றிலிருந்து லிப்ற் பக்கமே போவதில்லை. பத்தாம் மாடிக்குப் படியால் ஏறித்தான் இந்த முழங்கால்கள் இப்படியாயின. இதைக் கஸ்பரிடம் சொன்னேன். கஸ்பரை உங்களுக்குத் தெரியாது, என்னோடு கார்த் தரிப்பிடத்தில் வேலை செய்தவன், இப்போது அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டான். அந்த வீட்டு பேஸ்மென்ற்றில், முந்திய சொந்தக்காரர் விட்டுப்போன பிஸ்கற் தகரப் பேணிக்குள், ஒரு பழைய றிவோல்வர் கிடந்ததாம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துச் சாமான், மரப்பிடி, அம்மிக்குழவி போலப் பாரம். குண்டு இல்லை. கஸ்பரின் மனைவி யூஜினி அதைக் கண்ட நாள் முதல் உடுப்புத் தோய்க்கவும் பேஸ்மென்ற்றுக்கு இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். "அண்ணை, குண்டு இல்லாட்டி என்ன, காட்டினாலே ஓடுவாங்கள்" என்று சொல்லி அவன் அதை என் தலையில் கட்டிவிட்டான்.

மச்சான், துவக்கு வைத்திருந்த எல்லோருக்கும் பயந்து நாட்டை விட்டு வந்த மனிதன் நான். ஆனாலும் அது இடுப்பில் ஏறியதும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது என்பதை மறைக்க மாட்டேன். அந்த நிமிர்வு நெடுநாள் நிற்கவில்லை. முன்பு எனக்கு அந்தப் பொடியன்களுக்கு மட்டும்தான் பயம். இப்போது பொலிசுக்குப் பயம், குனியப் பயம், தும்மப் பயம், பஸ்ஸில் பக்கத்தில் யாராவது வந்து இருந்தால் பயம், வெயில் எறித்தாலும் புதிதாக வாங்கிய ஜக்கெற்றைக் கழற்றப் பயம். கோயிலில் இன்னும் மோசம். சேட்டைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது, கழற்றினால் வேட்டியில் செருகிய சாமான் ஊருக்கே தெரியும். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் வாசலில் நின்றே கும்பிட்டுவிட்டு வந்தேன். எனக்குச் சாவுத் துடக்காக்கும் என்று நினைத்த ஐயர் யார் மோசம் போனது என்று துக்கத்தோடு விசாரித்தார். எப்போதோ செத்துப்போன சித்தப்பா ஒருவரை மறுபடியும் சாகடித்தேன்.

போன கிழமை வேலைக்குப் போகும்போது, வெக்ஸ்போர்ட்டுக்குக் கிட்ட பஸ் பழுதாகி நின்றது. சாரதி எல்லோரையும் இறங்கச் சொன்னார். இறங்கிய இடத்தில் ஒரு பொலிஸ்காரர் காரில் சாய்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் பாதிப்பேர் எங்கடை ஆட்கள். பஸ் நிற்கிறது, இறங்கு என்கிறார்கள், முன்னால் சீருடை நிற்கிறது. ஆனையிறவு, வவுனியா ஆமிச் சோதனைச் சாவடிகளில் பழகிய கால்கள் தாமாகவே வரிசையாகிவிட்டன. எல்லோர் கையிலும் ஏதோவொரு அடையாள அட்டை. வரிசையில் முதல் ஆள் நான். எனக்கு அட்டையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை, இரண்டு கையும் மேலே போய்விட்டன. கையோடு ஜக்கெற்றும் மேலே போனது.

எனக்குப் பின்னால் சின்னப் பெண்பிள்ளையோடு நின்ற தாய் ஒருத்தி றிவோல்வரின் பிடியைக் கண்டுவிட்டாள். கத்தவில்லை. தன் கடைப்பையைத் தூக்கி என் இடுப்போடு அணைத்து மறைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

"அண்ணை, கையை இறக்குங்கோ. இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை."

நாங்கள் வழி கேட்க வரிசையில் நிற்கிறோம் என்று நினைத்த பொலிஸ்காரர், அடுத்த பஸ் வரும் இடத்தை முகமலர்ச்சியோடு காட்டினார். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அட்டைகளை உள்ளே வைத்துக்கொண்டு கலைந்தோம். நன்றி சொல்லத் திரும்பினேன். அவள் பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"உதுக்குப் பயந்துதானே அண்ணை இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள். உங்களுக்கும் பயப்பிட வேணுமெண்டால் இனி எங்கை போறது?"

என் வாழ்நாளில் ஒருவரும் என்னைக் கண்டு பயந்ததில்லை மச்சான், கந்தோரில் பியோன்கூடப் பயந்ததில்லை. அன்று எனக்கே என்னைக் கண்டு வெட்கமாக இருந்தது. வேலைக்குப் போகாமல் நேரே அஜக்ஸுக்குப் போய்க் கஸ்பரின் மேசையில் சாமானை வைத்தேன். அவன் பொலிசுக்குப் போன் பண்ணி, வீட்டில் கிடந்ததென்று ஒப்படைத்தான். வந்த இருவரும் அதை வாங்கிக்கொண்டு, யூஜினி கொடுத்த வடையையும் தின்று, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. கார் போன பிறகும் நானும் கஸ்பரும் கனநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆகவே இதில் ஒரு சொல்கூடப் பாலேஸ்வரியின் காதில் விழக்கூடாது. இங்கே துவக்கு என்ற பேச்சே இல்லை, பயம் என்றால் என்னவென்றே நான் மறந்துவிட்டேன் என்று எனக்காக நீங்களே சத்தியம் பண்ணி அவளை ரிக்கற் எடுக்க வையுங்கள். மாமிக்கு என் வணக்கம். பிள்ளைகள் படித்து நல்லாயிருக்க என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மறவாத
இராசரத்தினம்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போதுதான் நினைவு வந்தது. கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு உங்களுக்குக் கடிதங்களை வாசித்துக் காட்டுவது பாலேஸ்வரிதானே. கிழித்துப்போட்டுப் புதிதாக எழுத நினைத்தேன், பிறகு விட்டுவிட்டேன். பாலேசு, அண்ணருக்கு வாசித்தது போதும், இதை நீ மட்டும் வாசி. என்னால் சத்தியம் பண்ண முடியாது. இங்கேயும் பயம் இருக்கிறது. ஆனால் தனியப் பயந்து பயந்து களைத்துப்போனேன். நீ வா.