சவுனாவில் ஏறிய சைக்கிள்

சுவோமுசால்மி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சான் வெய்க்கோவுக்கு,

உன் தங்கை இர்மெலியின் புருஷன் தௌனோ மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். கொசுக்கள் எங்களைவிட நலம். உன் முதுகுவலிக்கு என் அனுதாபங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இர்மெலியின் பழைய மலைச் சைக்கிளைப் பற்றிப் போனில் என்ன சொன்னாய்? "உன் கை பட்டா உருப்படாது, கடையில குடு" என்றாய், என்றாலும் கருவியையும் புதுக் கப்புகளையும் அனுப்பிவைத்தாய். கடைக்காரன் விடுமுறையில் போய்விட்டான், ஹில்லாப் பழமோ அடுத்த வாரம் பழுத்துவிடும். சதுப்பில் அவள் பறிக்கிற இடம் எதுவென்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, பாதிரியார் கேட்டாலும் சொல்லமாட்டாள். அங்கே போக அவளுக்கு அந்தச் சைக்கிளை விட்டால் வேறு வழியில்லை. அதுவோ ஒவ்வொரு மிதிக்கும் 'கிறீச்' என்று அலறுகிறது. பெடல்களைத் தாங்குகிற பி.பி. அச்சில் தண்ணீர் இறங்கித் துருவேறியிருக்கிறது. அவள் ஓலு நகரத்தில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, திரும்பி வருவதற்குள் சரிசெய்து அசத்திவிடலாம் என்று பிரித்துப் போட்டேன்.

பெடல் மாட்டுகிற கிராங்கு இரண்டும் நீ அனுப்பிய கருவிக்கு அடங்கிக் கழன்று வந்தன, அச்சைப் பிடித்திருக்கிற இடப்பக்கக் கப்பும் வந்தது, அச்சும் வந்தது, வலப்பக்கக் கப்பு மட்டும் அசைவேனா என்றது. அது எதிர் மரை, எனக்கும் தெரியும், நீ சிரிக்க வேண்டாம், சரியான பக்கம்தான் திருகினேன். எண்ணெய் விட்டேன், சுத்தியலால் தட்டினேன், கெட்ட வார்த்தையும் சொல்லிப் பார்த்தேன், பானா வழுக்கிக் கைமுட்டி தேய்ந்ததுதான் மிச்சம். மரை போனால் சைக்கிளே போச்சு, சைக்கிள் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நிஜமாகவே பயந்துபோனேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சைக்கிள் சட்டம் அலுமினியம், கப்பு இரும்பு, சூடு பட்டால் சட்டம்தானே கூடுதலாக விரியும்? நேற்று சனிக்கிழமை வேறு, நீராவிக் குளியலுக்குச் சவுனா அடுப்பில் கல் காய்ந்துகொண்டிருந்தது.

வழக்கம்போல் குளிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரன் பெண்டி வாசலிலேயே நின்றுவிட்டான். "டேய், அந்தக் காலத்துல சவுனாவுல புள்ள பெத்திருக்காங்க, பொணத்தையும் குளிப்பாட்டியிருக்காங்க. சைக்கிளை எவன்டா உள்ள கூட்டிட்டு வந்தான்?"

"கூச்சமா இருந்தா திரும்பி உக்காரு" என்றேன்.

"அதுக்கும் ஒரு துண்டு போட்டு உக்கார வைடா. மரியாதைன்னு ஒண்ணு இருக்கு."

மேல் பலகையில் துண்டு விரித்துச் சைக்கிளைக் கிடத்தி, அவன் சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, நான் பானாவைப் பிடிக்க, இரண்டு கிழவர்களுக்கும் உடம்பில் கம்பளிக் கையுறை தவிர ஒன்றுமில்லை. "இன்னும் ஊத்து! அதுக்கு இன்னும் வேர்க்கல!" என்று அவன் கத்தக் கத்த நான் கல்லில் தண்ணீர் ஊற்றினேன். மூச்சு முட்டியது, காது எரிந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். கப்பு விட்டுக்கொடுத்துவிட்டது! பெண்டி சைக்கிளோடு கீழ்ப் பலகைக்கு வந்து சேர்ந்தான்.

உடுத்திக்கொண்டு வெளியே வந்து, கப்புக்குள் உருளுகிற குண்டுகளைத் துடைத்தேன். மச்சான், பட்டாணியைவிடச் சின்னது! இத்தனை வருடம் இர்மெலியையும் வாளி வாளியாகப் பழத்தையும் சுமந்தது இதுவா? நீ அனுப்பிய புதுக் கப்புகளில் கிரீஸைக் கொழுக்க வைத்துப் புதுக் குண்டுகளைப் பதித்து, எல்லாவற்றையும் பூட்டி, கிராங்கை ஒரு சுண்டு சுண்டினேன். சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, மூச்சுச் சத்தம்கூட இல்லை. பெண்டி தொப்பியைக் கழற்றிவிட்டான். "டேய் தௌனோ, சர்ச்சுலகூட நான் இப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லடா" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

உன் முதுகு நிமிரட்டும், உன் வலையில் மீன் நிறையட்டும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உருப்பட்ட கைக்குச் சொந்தக்காரன்,
தௌனோ

பி.கு.: தபாலில் போடுவதற்குள் இர்மெலி வந்துவிட்டாள். முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டினாள், இறங்கினாள், முகம் தொங்கிவிட்டது. "ஏய்யா, என்ன பண்ணித் தொலைச்ச? காட்டுல கரடி இருக்கு, தெரியுமில்ல? அந்தக் கிறீச்சைக் கேட்டுத்தான் அது ஒதுங்கிப் போகும். வேணும்னே எண்ணெய் காட்டாம வச்சிருந்தேன்!" மணி வாங்கித் தருகிறேன் என்றேன். "மணியெல்லாம் எதுக்கு? வாயை மூடாம பேசத்தான் நீ இருக்கியே. முன்னாடி போ, பேசிக்கிட்டே போ" என்றாள். அந்தச் சதுப்புக்கு என்னைக் கூட்டிப் போகிறாள், மச்சான், என்னை! எங்கே என்று மட்டும் கேட்காதே, உனக்குச் சொல்லமாட்டேன்.